கோட்டின் கீழுள்ள எண்: சமுதாய மருத்துவக் கல்வி பற்றிய ஒரு விமர்சனம்

1

மருத்துவ பீடங்களிற் பயிலும் மாணவரிடையே சமுதாய மருத்துவம் என்னும் துறைக்குள்ள மதிப்பு எத்தகையது என்பதை யாவரும் அறிவர். சத்திரசிகிச்சையும் உண்மருத்துவமுமே மெய்யான மருத்துவம் என்பதும், சமுதாய மருத்துவமும் அதன் உயிர்நாடியாகிய தொற்றுநோயியலும் பரீட்சைக்கு முதல்நாள் மனனஞ் செய்து மறுநாள் மறக்கத்தக்கவை என்பதும் பரவலான எண்ணம். இவ்வெண்ணத்துக்கு மாணவரின் சோம்பலை மட்டும் காரணங் காட்டுவது நியாயமாகாது. பாடம் சொல்லப்படும் முறையையும் நாம் கேள்விக்குள்ளாக்க வேண்டும்.

வீதம் என்றால் என்ன என்று வினவினால் எந்த மாணவரும் தயங்காது விடை கூறுவர். நோயுற்றோர் அல்லது இறந்தோர் தொகையை மேலே எழுதி, கோடிட்டு, மக்கட்டொகையைக் கீழே எழுதி, ஆயிரத்தாற் பெருக்குவது வீதமாகும். விடை பிழையன்று. எனினும் மேலே எழுதப்படும் எண் எங்கிருந்து வந்தது, அதை எழுதியவர் யார், கீழே எழுதப்படும் எண்ணுள் எவரெவர் அடங்குவர், எவர் அடங்காது விடுபட்டனர் என்ற வினாக்கள் விரிவுரை மண்டபத்தில் அரிதாகவே எழுகின்றன. எண் என்றவுடன் அது இயற்கை தந்த பொருள் போலவும், ஐயத்துக்கு அப்பாற்பட்டது போலவும் ஏற்கப்படுகின்றது.

தமிழிலக்கியம் பயில்வோர்க்கு இந்நிலை வியப்பளிக்கும். ஏட்டுச் சுவடியொன்றிற் கண்டதை அப்படியே மூலபாடமெனக் கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லை. எழுதியவர் யார், எங்கு பிழை புகுந்தது, எந்த ஏடு சிதைந்தது என ஆராய்ந்து, பாடபேதங்களை ஒப்புநோக்கிய பின்னரே பாடம் துணியப்படும். சி. வை. தாமோதரம்பிள்ளை முதலாய பதிப்பாசிரியர் நமக்குக் காட்டிச் சென்ற நெறி அது. சுவடிக்குக் காட்டும் இவ்விழிப்பினை இறப்புப் பதிவேட்டுக்கும் காட்டுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. தொற்றுநோயியலைக் கணிதத்தின் கிளையாக மட்டும் கற்பிக்கும்போது அதன் உயிர் போய்விடுகிறது. எண்ணை விமர்சிக்கும் கலையாக அதனைக் கற்பித்தலே தகும். இதனை நமது நாட்டின் மலேரியா வரலாற்றைக் கொண்டு விளக்க முயல்வோம்.

2

அதற்குமுன், இத்துறையின் தொடக்கக் கதையாக எங்கும் கூறப்படும் ஒன்றை நோக்குவது பயனுடைத்து. 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் புரோட் வீதியிலிருந்த நீர்க்குழாயின் கைபிடியைக் கழற்றுவித்து நோயை நிறுத்தினார் என்பது பாடப்புத்தகக் கதை. கைபிடி கழற்றப்படுமுன்னரே அங்கு நோய் தணியத் தொடங்கிவிட்டது என்பதை ஸ்னோவே ஒப்புக்கொண்டிருந்தார். அவரது அரிய சாதனை வேறோரிடத்தில் உள்ளது.

தென்னிலண்டனில் இரு கம்பனிகள் ஒரே தெருக்களில், அடுத்தடுத்த வீடுகளுக்குங்கூடக் குழாய்நீர் வழங்கிவந்தன. சதர்க் அன் வொக்சோல் கம்பனி நகரக் கழிவு கலந்த இடத்தில் தேம்ஸ் நதியின் நீரை எடுத்தது. லம்பெத் கம்பனியோ 1852இல் தன் நீரெடுக்கும் இடத்தை நகருக்கு மேலே மாற்றிக்கொண்டது. ஸ்னோ வாந்திபேதியால் இறந்தோரின் வீடு வீடாகச் சென்று அவ்வீட்டுக்கு நீர் தந்த கம்பனி எதுவென உசாவினார். நோயின் முதல் ஏழு வாரங்களில் முதற் கம்பனியின் 40,046 வீடுகளில் 1,263 மரணங்களும், இரண்டாவதன் 26,107 வீடுகளில் 98 மரணங்களும் நிகழ்ந்திருந்தன. இலண்டனின் ஏனைய பகுதிகளில் நிகழ்ந்த மரணங்களோ 1,422.

மரணங்களை மட்டும் எண்ணியிருந்தால் ஏனைய பகுதிகளே மிகத் துன்புற்றன என்ற முடிவு கிடைத்திருக்கும். ஆனால் அப்பகுதிகளில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருந்தன. கோட்டின் கீழ் வீடுகளை எழுதியதும் படம் தலைகீழாயிற்று. 10,000 வீடுகளுக்கு முதற் கம்பனியின்கீழ் 315 மரணங்கள், இரண்டாவதன்கீழ் 37, ஏனைய பகுதிகளில் அறுபதுக்கும் குறைவு. நோய்க்கிருமியைக் காணாமலே நோயின் வழியை ஸ்னோ கண்டது இவ்வாறுதான். குழாயின் கைபிடியை நினைவில் வைத்திருக்கும் மாணவர் பலர். கோட்டின் கீழிருந்த வீடுகளை நினைவில் வைத்திருப்போர் சிலரே.

3

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1934ஆம் ஆண்டு ஒக்டோபர் தொடக்கம் 1935 ஏப்பிரில் வரையான காலத்தில் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய 80,000 உயிர்களைப் பலிகொண்டது. அன்று நாட்டின் மக்கட்டொகை ஐம்பது இலட்சத்தைச் சிறிது கடந்திருந்தது. அதில் பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். கேகாலை, குருணாகல் மாவட்டங்களின் கிராமங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன.

இக்கொள்ளைநோயில் முதலில் நோக்கத்தக்கது அது தோன்றிய இடம். மலேரியா உலர் வலயத்தின் நோய். வன்னியும் அநுராதபுரமும் அதன் பழைய உறைவிடங்கள். அவ்வாறாயின் ஈர வலயத்தின் விளிம்பிலுள்ள கேகாலை ஏன் அழிந்தது? 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் நீரோட்டம் நின்று, ஆற்றுப் படுகைகள் வெயில் படும் தெளிந்த நீர்க்குட்டைகளாயின. மலேரியாவை இங்கு பரப்பும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற நுளம்பு விரும்பி முட்டையிடும் இடம் அத்தகைய குட்டையே. உலர் வலயத்தில் மழை கொண்டுவரும் நோயை ஈர வலயத்தில் வரட்சி கொண்டுவந்தது. அங்கு வாழ்ந்த மக்களுக்கு முன்னர் நோயுற்றுப் பெற்ற எதிர்ப்பாற்றலும் இருக்கவில்லை.

இவ்வளவும் பாடப்புத்தகங்களிற் காணக்கூடியதே. அவை விரைந்து கடந்துசெல்லும் மற்றொரு செய்தியும் உண்டு. அவ்வாண்டுகள் உலகப் பொருளாதார மந்தத்தின் ஆண்டுகள். றப்பரும் தெங்கும் விலை வீழ்ந்து கூலிவேலை அருகியிருந்தது. மழை பொய்த்தமையால் நெல்லும் விளையவில்லை. நோய் வந்தது பசித்திருந்த வீடுகளுக்கே. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இடதுசாரி இளைஞர் கேகாலைக் கிராமங்களில் நிவாரணப் பணிக்குச் சென்றபோது மருந்தோடு உணவையும் கொண்டு சென்றதன் காரணம் இதுவே. நுளம்பின்றி மலேரியா இல்லை என்பது உண்மை. ஆயினும் ஒரே நுளம்பு கடித்த இருவருள் எவர் எழுந்தார், எவர் மாண்டார் என்பதை நுளம்பு மட்டும் தீர்மானிக்கவில்லை.

இங்கு 80,000 என்னும் எண் எவ்வாறு பெறப்பட்டது என்பதை ஆராய்தல் வேண்டும். அத்தனை பேரின் இறப்புப் பத்திரங்களில் மலேரியா என எழுதப்பட்டிருக்கவில்லை. கிராமங்களில் மரணத்துக்குக் காரணம் எழுதியவர் பெரும்பாலும் மருத்துவரல்லர், பதிவாளர். உறவினர் கூறியதைக் கேட்டு அவர் காய்ச்சல் என்றும், குழந்தையாயின் சன்னி, மாந்தம் என்றும், முதியவராயின் பலவீனம் என்றும் எழுதினார். ஆகையால் ஆய்வாளர் வேறு வழியொன்றைக் கைக்கொண்டனர். அம்மாதங்களில் நிகழ்ந்த எல்லா மரணங்களையும் கூட்டி, வழமையான ஆண்டுகளில் அதே மாதங்களில் நிகழும் மரணங்களைக் கழித்தனர். எஞ்சியதே கொள்ளைநோயின் பலியாகக் கொள்ளப்பட்டது. இதனை மேலதிக மரணம் என்பர்.

இது சிறந்த முறை என்பதில் ஐயமில்லை. பதிவாளரின் பிழையைத் தாண்டிச் செல்லும் வழி இதனினும் எளிதாக இல்லை. 2020ஆம் ஆண்டு தொடங்கிய கொவிட் தொற்றின்போது உலகெங்கும் ஆய்வாளர் கைக்கொண்டதும் இதனையே. ஆயினும் இம்முறையின் உள்ளே ஓர் எடுகோள் மறைந்திருக்கிறது. வழமை என்பதை அது வினவாமலே ஏற்றுக்கொள்கிறது. 1934-35இல் உலர் வலயத்தில் மேலதிக மரணம் ஒப்பீட்டளவிற் குறைவு. அங்குள்ள மக்கள் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர் என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம். அவ்வெதிர்ப்பாற்றலின் விலை யாது? ஆண்டுதோறும் பிள்ளைகள் மடிவதும், எஞ்சிய பிள்ளைகள் வீங்கிய மண்ணீரலுடன் வளர்வதுமே அவ்விலை. வன்னித் தாயொருத்தி தன் மூன்றாவது பிள்ளையை 1930இல் இழந்திருப்பின் அது வழமை. கேகாலைத் தாயொருத்தி தன் முதற் பிள்ளையை 1935இல் இழந்தமை கொள்ளைநோய். முன்னையது கழிக்கப்படும் எண்ணிலும் பின்னையது எஞ்சும் எண்ணிலும் சேர்ந்தன. கொள்ளைநோய்க்கு விசாரணை அறிக்கைகள் எழுந்தன. வழமைக்கு எவர் அறிக்கை எழுதினார்?

4

கொள்ளைநோய்க்குப் பத்தாண்டுகளின் பின் இலங்கையின் இறப்பு வரலாற்றில் உலகின் கவனத்தை ஈர்த்த மாற்றம் நிகழ்ந்தது. 1946இல் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 20 ஆக இருந்த மரண வீதம் 1947இல் ஏறக்குறைய 14 ஆயிற்று. சிசு மரண வீதம் அதே ஓராண்டில் 141இலிருந்து 101க்கு இறங்கியது. வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கும் பணி 1946இல் விரிவாகத் தொடங்கியிருந்தது. இரண்டையும் இணைத்து, ஒரு இரசாயனப் பொருள் ஒரு தேசத்தின் மரணத்தை ஓராண்டில் வீழ்த்தியது என்ற கதை பிறந்தது. இன்றும் பல வகுப்பறைகளில் இக்கதையே சொல்லப்படுகிறது.

இக்கதை மீதெழுந்த விவாதம் தொற்றுநோயியல் மாணவர் அனைவரும் பயிலவேண்டியதொன்றாகும். பீற்றர் நியூமன் 1965இல் வெளியிட்ட நூலில், பாடசாலைப் பிள்ளைகளிடையே மண்ணீரல் வீங்கியோரின் வீதத்தைக் கொண்டு மாவட்டங்களின் மலேரியா அளவை நிர்ணயித்து, அம்மாவட்டங்களின் மரண வீத வீழ்ச்சியோடு ஒப்பிட்டார். மலேரியா மிகுந்த இடங்களில் வீழ்ச்சியும் மிகுந்திருந்தது. போருக்குப் பிந்திய வீழ்ச்சியிற் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு மலேரியாக் கட்டுப்பாட்டுக்குரியது என்பது இவ்வழியில் அவர் கண்ட முடிவு. எஸ். ஏ. மீகம 1967இல் எழுதிய கட்டுரையில் மறுத்துரைத்தார். மலேரியா அறவே இல்லாத இடங்களிலும் மரணம் குறைந்தது, வீழ்ச்சி டி.டி.ரி.க்கு முன்னரே தொடங்கிவிட்டது. சுகாதார சேவையின் விரிவையும் உணவு நிலையில் ஏற்பட்ட மாற்றத்தையும் கணக்கில் எடுக்காது பேசுவது பொருந்தாது என்பன அவர் வாதங்கள். 1974இல் ஆர். எச். கிறே தரவுகளை மீள ஆராய்ந்து மலேரியாக் கட்டுப்பாட்டின் பங்கு ஏறக்குறைய நாலில் ஒன்று என மதிப்பிட்டார்.

நாலில் ஒன்று சிறிதன்று. பல்லாயிரம் உயிர்கள் அதில் அடங்கும். தெளிகருவியைச் சுமந்து குடிசை குடிசையாகச் சென்ற தொழிலாளியின் உழைப்பை இவ்விவாதம் சிறுமைப்படுத்தவில்லை. எஞ்சிய முக்காற் பங்கு எங்கிருந்து வந்தது என்பதே இங்கு எழும் வினா. 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதார அலகும், அதனைப் பின்பற்றிப் பரவிய ஏனைய அலகுகளும், வீடு தேடிச் சென்ற மருத்துவிச்சியரும், போர்க்காலத்தில் 1942 முதல் வந்த உணவுப் பங்கீடும், 1945இல் வந்த இலவசக் கல்வியும் அம்முக்காற் பங்கின் உள்ளே இருக்கின்றன. இவற்றை வேறுபடுத்திக் காட்டும் எளிய சோதனை இல்லை. டி.டி.ரி.யைப் பீப்பாய்களில் எண்ணலாம். மருத்துவிச்சியின் வருகையால் மாறிய பழக்கத்தை எண்ணுவது கடினம். எண்ணத்தக்கதே காரணம் எனவும், எண்ண இயலாதது காரணமன்று எனவும் கொள்ளும் மயக்கம் இங்குதான் தோன்றுகிறது. இம்மயக்கத்துக்கு அரசியற் பயனும் உண்டு. இரசாயனப் பொருளை வாங்கலாம். பட்டினியையும் கல்வியின்மையையும் நீக்குவதற்குச் சமுதாய அமைப்பையே மாற்றவேண்டும். 1848இல் மேற்சைலீசியாவில் பரவிய தைபஸ் காய்ச்சலை ஆராயச் சென்ற ருடோல்ப் விர்ச்சோ என்னும் ஜேர்மானிய மருத்துவர், மருந்துக்கு மாறாக மக்களாட்சியையும் கல்வியையும் பரிகாரமாக முன்வைத்தபோது எழுந்த பிரச்சினையும் இதுவே.

5

இவ்விவாதத்தில் ஈடுபட்டோர் யாவரும் நாட்டின் சராசரியையும் மாவட்டங்களின் சராசரியையும் கொண்டே வாதிட்டனர். சராசரியின் உள்ளே மறைந்திருந்த மக்கட் கூட்டத்தினர் மலையகத் தோட்டத் தொழிலாளர்.

உயர்ந்த மலைகளில் மலேரியா பெரும்பாலும் இல்லை. நுளம்பே நோயெல்லாவற்றுக்கும் காரணம் என்பது முழு உண்மையாயின் தோட்டங்கள் நலத்தோடு இருந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. சுதந்திரத்தின் பின் வந்த பத்தாண்டுகளில் நாட்டின் சிசு மரண வீதம் இறங்கிக்கொண்டே சென்றபோது தோட்டங்களின் வீதம் அவ்வேகத்தில் இறங்கவில்லை. 1948இலும் 1949இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் இழந்த இம்மக்கள், அரசின் கிராமிய சுகாதார சேவைக்கும் புறம்பாகவே இருந்தனர். தோட்ட நிருவாகம் நடத்திய மருந்தகமே அவர்க்குரிய வைத்தியசாலையாயிற்று. ஏனையோர் பெற்ற முக்காற் பங்கு இவர்களைச் சென்றடையவில்லை.

1973-74இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, அரிசிப் பங்கீடு குறைந்து, மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது இவ்வேற்றுமை கொடூரமாக வெளிப்பட்டது. கிராமத்தவர்க்கு வீட்டுக்கோடியில் மரவள்ளியாவது நட நிலமிருந்தது. லயன் காம்பராவில் வாழ்ந்தோர்க்கு அதுவும் இல்லை. தோட்டங்களின் சிசு மரண வீதம் நாட்டின் வீதத்தைப்போல் இருமடங்கைத் தாண்டியது. அவ்வாண்டு நாடு முழுவதற்குமான மரண வீதமும் சிறிது உயர்ந்தது. தேசியப் புள்ளிவிபரத்தை மட்டும் நோக்குபவர் அதனைச் சிறு ஏற்றமெனக் கண்டு கடந்துசெல்வர். அவ்வேற்றத்தின் பெரும்பாரம் எவர் மீது விழுந்தது என்பது, கோட்டின் கீழுள்ள எண்ணைப் பிரித்துப் பார்ப்பவர்க்கே புலனாகும்.

வறிய நாடொன்று நல்ல சுகாதார நிலையை எய்த முடியும் என்பதற்கு இலங்கை உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது நாமறிந்ததே. அப்பெருமை பொய்யன்று. ஆயின் அது சராசரியின் பெருமை. சராசரியைப் புகழும் பாடத்தில், அச்சராசரிக்கு வெகுதூரம் கீழே நின்றவர் பற்றிய அதிகாரமும் இடம்பெறல் வேண்டும்.

6

கோட்டின் கீழுள்ள எண்ணைப் பிரிக்காது விடுவது ஒரு குறை. அவ்வெண்ணே இல்லாதிருப்பது அதனினும் பெருங்குறை. வடக்கு, கிழக்கு மாகாணங்கள் இதனை நேரில் அறிந்தவை. 1981இன் பின்னர் 1991இல் குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இல் நடந்த மதிப்பீடு வடக்கு, கிழக்கின் ஏழு மாவட்டங்களில் முழுமை பெறவில்லை. 2012இலேயே நாடு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகளாக யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கணிக்கப்பட்ட ஒவ்வொரு வீதமும் ஊகத்தின்மேல் எழுப்பப்பட்டதாகும். 1981இன் தொகையை இயல்பான வளர்ச்சி வீதத்தாற் பெருக்கியவர் கையில் கிடைத்த எண், புலம்பெயர்ந்தோரையும் இடம்பெயர்ந்தோரையும் மாண்டோரையும் அறியாத எண். 2012இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கட்டொகை 1981இல் இருந்ததிலும் குறைவாகவே காணப்பட்டது. கீழேயுள்ள எண் பெரிதாக ஊகிக்கப்படின் வீதம் சிறிதாகிவிடும். இல்லாத மனிதர், இருந்த மனிதரின் நோயை மறைத்துவிடுவர்.

இதனைக் கணக்கியலின் நுணுக்கம் எனத் தள்ளிவிடல் இயலாது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் வன்னியின் போர்வலயத்தில் எஞ்சியிருந்த பொதுமக்கள் எத்தனை பேர் என்பதே பெரும் பிரச்சினையாயிற்று. எழுபதாயிரம் அளவினரே என அரசு தரப்பிற் கூறப்பட்டது. போர் முடிந்தபின் முகாம்களில் இருந்தோர் தொகை ஏறக்குறைய 2,80,000. அரிசி மூடைகளும் மருந்துப் பெட்டிகளும் மக்கட்டொகையைக் கொண்டே கணிக்கப்படுவன. கோட்டின் கீழுள்ள எண் குறைக்கப்படும்போது குறைவது ஓர் எண் மட்டுமன்று. கஞ்சியும் குறைகிறது, குருதி நிறுத்தும் துணியும் குறைகிறது. தொற்றுநோயியல் பயிலும் தமிழ் மாணவர் மக்கட்டொகை என்னும் சொல்லை இதன் பின்னரும் வெறும் வரைவிலக்கணமாகப் படித்தல் கூடுமோ?

7

கோட்டின் மேலுள்ள எண்ணிலும் நமக்குரிய பிரச்சினை ஒன்றுண்டு. அது மொழி பற்றியது. நோய் எது என்பதை மருத்துவர் ஆங்கிலத்தில் வரையறுக்கிறார். மக்கள் தம் பேச்சிற் கூறுகின்றனர். கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர் ஆங்கில வினாக்கொத்தைத் தமிழாக்கி, உங்களுக்கு ஆஸ்துமா உண்டா என வினவினால், இல்லை என்பார் முதியவர். அவருக்குள்ளது முட்டு. பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்ததா எனத் தாயை வினவினால், இல்லை என்பாள். பல் முளைக்கும் காலத்தில் வயிற்றாலே போவதை அவள் நோயாகக் கொள்வதில்லை. இரு விடைகளும் உண்மையே. தாளில் மட்டும் இரு பூச்சியங்கள் விழுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலே மருத்துவம் கற்பித்ததையும், மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதையும் நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அப்பெருமையைக் கலைச்சொல் அகராதியளவில் நிறுத்திவிட்டோம். உடற்கூறுகளுக்குத் தமிழ்ப் பெயர் காண்பது ஒரு பணி. யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் மன்னார் மீனவரும் தம் நோய்களை எச்சொற்களால் உணர்கின்றனர் என்று தொகுத்து ஆராய்வது மற்றொரு பணி. இரண்டாவது பணிக்கு மருத்துவ மாணவரும் தமிழ் மாணவரும் ஒருங்கே தேவைப்படுவர். இரு பீடங்களுக்கும் இடையிலுள்ள மதிலைத் தாண்டுவதற்குத் தமிழ்ச் சங்கம் போன்றதோர் அமைப்பே தக்க வாயில் எனலாம்.

8

இறுதியாக, பூச்சியம் என்னும் எண்ணைப் பற்றியும் சில கூறுதல் வேண்டும். 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே கண்டறியப்பட்டனர். வெற்றி முழுமை பெற்றதென்ற எண்ணத்தில் மருந்து தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1967இன் பின் நோய் மீண்டும் எழுந்து, 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அன்று பெற்ற பாடம் பெரிது. நோயாளர் எவருமில்லை என்று கூறுவதற்கு முன், எத்தனை பேரின் குருதி சோதிக்கப்பட்டது என்று கேட்டல் வேண்டும். சோதியாத இடத்தில் பூச்சியம் என்பது செய்தியன்று, மௌனம்.

அப்பாடம் பின்னர் வீண்போகவில்லை. போர்க்காலத்திலும் வடக்கிலும் கிழக்கிலும் மலேரியாத் தடுப்புப் பணி முற்றாக நின்றுவிடவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012இல் கண்டறியப்பட்டார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடாக அறிவித்தது. பெயரறியாத களப்பணியாளரும் நுணுக்குக்காட்டி முன் அமர்ந்திருந்த ஆய்வுகூடத்தினரும் ஈட்டிய வெற்றி அது. அதே 2016இன் இறுதியில் அனோபிலிஸ் ஸ்ரீபென்சி என்னும் நுளம்பு மன்னாரில் முதன்முறை கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. ஆற்றுக் குட்டையை நாடாமல் கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகும் நுளம்பு அது. ஆறில்லாத குடாநாட்டில், வளவுக்கொரு கிணறுள்ள ஊர்களில், இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. இன்றைய பூச்சியத்தைக் காப்பவர் நாளைய மாணவரே.

ஆகவே சமுதாய மருத்துவம் கற்பிக்கும் முறை மாறுதல் வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் வீதத்தைக் கணிக்கக் கற்குமுன் பழைய இறப்புப் பதிவேட்டின் ஒரு பக்கத்தையேனும் வாசித்து, அதில் எழுதியவரின் கையையும் எழுதப்படாதவரின் இன்மையையும் உணரப் பழகட்டும். 1934-35 கொள்ளைநோயும், 1947இன் வீழ்ச்சி பற்றிய விவாதமும், 1974இன் தோட்டத்து மரணங்களும் துணுக்குச் செய்திகளாகவன்றிப் பாடத்தின் நடுப்பகுதியாக அமையட்டும். கள ஆய்வு வினாக்கொத்து மக்கள் மொழியில் எழுதப்படட்டும். வழமை என்ற சொல் வரும்போதெல்லாம், அது எவருடைய வழமை என வினவும் துணிவு மாணவர்க்கு வரட்டும்.

நோயாளி ஒருவரின் முன்னே நிற்கும் மருத்துவருக்கு அவரது முகம் தெரிகிறது. தொற்றுநோயியலார் முன் நிற்பதோ எண். அவ்வெண்ணின் பின்னுள்ள முகங்களையும், எண்ணுக்கு வெளியே நிறுத்தப்பட்ட முகங்களையும் தேடிக் காண்பதே அவரது கடமை. அத்தேடலைக் கற்பிக்காத பாடத்தை மாணவர் மறுநாள் மறப்பதில் வியப்பொன்றும் இல்லை.